ஆல்பிரட் ரஸல் வாலஸ்: பூச்சி பிடித்துப் பிழைத்த அறிஞரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் வாலஸ் ஒரு வரியில் வந்து போய்விடுவார்: "டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனியாகக் கண்டறிந்தவர்." அந்த ஒரு வரிக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுக் காட்டு வாழ்க்கை இருக்கிறது. தீப்பிடித்த கப்பல், காய்ச்சல், எறும்புகளோடு சண்டை, ஊசியில் குத்திய வண்டுகளின் அடியில் ஒட்டிய சின்னஞ்சிறு காகிதச் சீட்டுகள் என்று அதில் எத்தனையோ உண்டு. அந்தச் சீட்டுகளிலிருந்துதான் அவருடைய அறிவியல் முழுவதும் முளைத்தது என்பது என் உறுதியான எண்ணம். கீழுள்ள பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

யார் இந்த வாலஸ்?

1823 ஜனவரி 8 அன்று வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். குடும்பம் நொடித்துப்போனதால் பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. அண்ணன் வில்லியத்தோடு சேர்ந்து நில அளவை வேலை செய்தார். கையில் சங்கிலியோடு வயல்வெளிகளில் நடந்த அந்த ஆண்டுகளில்தான் செடிகொடிகளைப் பெயர் சொல்லி அறியும் ஆசை பிறந்தது. 1844இல் லெஸ்டர் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரைச் சந்தித்தார். ஓர் ஊரைச் சுற்றிலும் இத்தனை வகை வண்டுகளா என்ற வியப்பை அவருக்கு ஊட்டியவர் பேட்ஸ்தான். வாலஸ் பல்கலைக்கழகத்தில் படித்ததே இல்லை. 1913 நவம்பர் 7 அன்று, 90 வயதில் காலமானார்.

பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே இது? இவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

வாலஸையும் டார்வினையும் பிரித்துக் காட்டும் கேள்வி இது. டார்வினுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. வாலஸ் பிடித்ததை விற்றுச் சாப்பிட்டார். லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் இருந்தார். வாலஸ் பெட்டிகளை அனுப்புவார். ஸ்டீவன்ஸ் அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் வசதி படைத்த சேகரிப்பாளர்களுக்கும் விற்றுக் கழிவு எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை அனுப்புவார். புதிய துப்பாக்கி மருந்தும் ஊசிகளும் வாங்கி அனுப்புவதும் அவர் பொறுப்பு. தன் ஆய்வுக்கு வேண்டியவற்றை மட்டும் "இவை என் சொந்தச் சேகரிப்பு, விற்க வேண்டாம்" என்று வாலஸ் தனியே ஒதுக்கச் சொல்லிவிடுவார்.

ஸ்டீவன்ஸுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இல்லாவிட்டால் அடுத்த கேள்வியில் சொல்லப்போகும் விபத்தோடு வாலஸின் கதை முடிந்திருக்கும்.

அமேசானில் சேகரித்ததெல்லாம் எரிந்துபோனது உண்மையா?

பெரும்பகுதி எரிந்துபோனது. 1848இல் வாலஸும் பேட்ஸும் பிரேசில் போனார்கள். பிறகு தனித்தனியே பிரிந்து, வாலஸ் ரியோ நீக்ரோ, வாப்பேஸ் ஆறுகளின் வழியே நான்கு ஆண்டுகள் அலைந்தார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் பாரா நகரில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். 1852 ஜூலையில் 'ஹெலன்' என்ற கப்பலில் வாலஸ் ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 6 அன்று, நடுக்கடலில், சரக்கறையில் தீப்பிடித்தது. உள்ளே ரப்பரும் எளிதில் தீப்பற்றும் மரப்பிசின் எண்ணெயும் இருந்தன. அறைக்குள் ஓடி, கைக்கு அகப்பட்ட தகரப் பெட்டியில் மீன்களும் பனைவகைகளும் வரைந்த தாள்கள் சிலவற்றைப் போட்டுக்கொண்டு படகில் குதித்தார். அவர் உயிரோடு கொண்டுவந்த குரங்குகளும் கிளிகளும் கப்பலோடு எரிந்தன. மிஞ்சியது ஒரே ஒரு கிளி.

திறந்த படகில் பத்து நாள். பிறகு வேறொரு கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. ஊர் வந்து சேர்ந்தபோது தெரிந்தது: ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு அந்தச் சரக்கை இன்ஷூரன்ஸ் செய்து வைத்திருந்தார்.

அதன்பிறகு மனம் உடைந்துவிடவில்லையா?

உடைந்தது. இனிக் கடல் பக்கமே போவதில்லை என்றுகூட உறுதி எடுத்தார். ஆனால் அந்த ஆண்டே, எரியாமல் தலையில் தங்கியிருந்ததை வைத்து அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் படித்தார். அதில் ஒரு குறை சொல்கிறார்: அருங்காட்சியகங்களில் உள்ள சீட்டுகளில் "பிரேசில்", "பெரு" என்று நாட்டின் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆற்றின் எந்தக் கரையில் பிடித்தது என்று யாரும் எழுதவில்லை. அமேசான், நீக்ரோ போன்ற பேராறுகளின் ஒரு கரையில் ஒருவகைக் குரங்கும் மறு கரையில் அதற்கு நெருங்கிய இன்னொரு வகையும் வாழ்வதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு அது தெரிந்த செய்திதான்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உயிரினம் என்ன என்பதோடு சேர்த்து, *எங்கே* என்பதும் கேள்வி என்று அவர் பிடித்துக்கொண்டது இங்கேதான். பத்து ஆண்டுகளில் இது எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மலாய்த் தீவுகளில் மொத்தம் எவ்வளவு சேகரித்தார்?

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கியவர் 1862இல்தான் திரும்பினார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் சுமார் 14,000 மைல் பயணம். அவரே கொடுத்த கணக்கு: பாலூட்டிகள் 310, ஊர்வன 100, பறவைகள் 8,050, சிப்பி சங்குகள் 7,500, வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் 13,100, வண்டுகள் 83,200, மற்றப் பூச்சிகள் 13,400. ஆக மொத்தம் 1,25,660.

மூன்றில் இரண்டு பங்கு வண்டுகள் என்பதைக் கண்டு வியக்க வேண்டாம். லெஸ்டரில் பேட்ஸ் பற்றவைத்த தீ அது.

அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும்?

சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து குளியல், காப்பி. முந்தைய நாள் பிடித்தவற்றை அடுக்கிப் பத்திரப்படுத்தும் வேலை. எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பது மணிக்குக் காட்டுக்குள். வலை, பெட்டிகள், ஊசிகள், துப்பாக்கி. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத் திரும்பி மறுபடி குளியல். பிறகு பூச்சிகளை ஊசியில் குத்தி வைக்கும் வேலை. இரவில் வாசிப்பு.

கேட்க எளிதாக இருக்கிறது. வெப்பமண்டலத்தில் செத்த உடலைக் காப்பது அவ்வளவு எளிதல்ல. பறவையை உரித்து, தோலின் உட்புறம் ஆர்சனிக் என்னும் பாஷாணத்தைத் தடவி, பஞ்சு அடைத்துப் பாடம் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் தோல் காயாது. காய்வதற்குள் ஈ முட்டையிட்டுவிடும். மேசைக்கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறிவிடும். நியூ கினியின் டோரே கடற்கரையில் கறுப்பு எறும்புகள் வீட்டையே பிடித்துக்கொண்டு, அவர் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சியை மூக்குக்கு எதிரிலேயே இழுத்துப் போயின. உரித்துக்கொண்டிருந்த பறவையை விட்டுக் கண்ணை எடுத்தால் ஊர் நாய் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

சில இடங்களில் அதிர்ஷ்டம் கொட்டியது. போர்னியோ தீவின் சரவாக்கில் ஒரு மலைமேல் வெள்ளையடித்த சிறு வீட்டின் தாழ்வாரத்தில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வார். 26 இரவுகளில் 1,386 அந்துப்பூச்சிகள் வந்து விழுந்தன. அவற்றில் 800க்கும் மேல் நான்கே இரவுகளில் கிடைத்தவை. எல்லாமே நிலவில்லாத, மழை கொட்டிய இரவுகள். எந்த இரவில் எத்தனை என்று அவர் எழுதி வைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

இவ்வளவையும் அவர் ஒருவரே பிடித்தாரா?

இல்லவே இல்லை. வாலஸைப் பற்றிப் பேசுபவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் பக்கம் இது. நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன்.

சரவாக்கில் சிமுஞ்சோன் நிலக்கரிச் சுரங்கத்தருகே 1855இல் சுமார் ஒன்பது மாதம் தங்கினார். அங்கே காட்டை வெட்டிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களுக்கும் அந்தத் தீவின் பழங்குடிகளான டயாக் மக்களுக்கும், கொண்டுவரும் பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் என்று விலை பேசினார். அந்த இடத்தில் முதல் இரண்டு வாரங்களில் நாளுக்குச் சராசரியாக 24 வகை வண்டுகள் புதிதாகச் சேர்ந்தன. விரல்களுக்கிடையே அகன்ற சவ்வை விரித்து மரத்திலிருந்து மிதந்து இறங்கும் தவளையை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவரும் ஒரு சீனத் தொழிலாளிதான். இன்று அதற்கு 'வாலஸின் பறக்கும் தவளை' என்று பெயர்.

எல்லாரையும்விட முக்கியமானவர் அலி. சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞர். 1855இல் சமையலுக்கும் மலாய் மொழி கற்றுக்கொடுப்பதற்கும் சேர்ந்தவர், விரைவில் துப்பாக்கி சுடவும் பறவையை உரித்துப் பாடம் செய்யவும் தேர்ந்துவிட்டார். பின்னால் வந்த புதியவர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். வாலஸ் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டவரும் அவரே. 1858 அக்டோபரில் பச்சான் தீவில், இடுப்பில் சில பறவைகளைத் தொங்கவிட்டபடி அலி வந்து, இது என்ன விசித்திரமான பறவை பாருங்கள் என்றார். மார்பில் பச்சை மின்னல், தோளிலிருந்து கொடிகளைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு வெள்ளை இறகுகள். உலகம் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை அது. லண்டனில் அதற்கு *வாலஸி* என்று பெயர் வைத்தார்கள்.

கண்டெடுத்தவர் பெயர் அந்தப் பறவையில் இல்லை. வாலஸ் தன் நூலில் அதைக் கொண்டுவந்தவர் அலி என்று மறைக்காமல் எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1862இல் சிங்கப்பூரில் பிரியும்போது அலிக்குப் பணமும் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்து, நினைவாக ஒரு புகைப்படமும் எடுக்க வைத்தார். 1907இல் தெர்னாத்தே தீவுக்கு வந்த அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பரின் முன்னால் ஒரு முதியவர் வந்து நின்று, தாம்தான் 'அலி வாலஸ்' என்று சொன்னாராம்.

உராங்குட்டான்களைச் சுட்டுக் கொன்றார் என்கிறார்களே?

ஆம். சிமுஞ்சோனில் பதினைந்துக்கும் குறையாமல் சுட்டார். தோலும் எலும்புக்கூடும் லண்டனில் நல்ல விலை போயின. அவற்றில் ஒரு தாயின் குட்டி சேற்றில் உயிரோடு கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பால் கிடைக்காத ஊரில் கஞ்சித் தண்ணீரை ஊட்டி, குளிப்பாட்டி, தலை சீவி, துணைக்கு ஒரு சிறு குரங்கையும் பிடித்து வைத்து வளர்த்தார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது இறந்தது. மிகுந்த வருத்தத்தோடு அதை எழுதியிருக்கிறார். பிறகு அதன் தோலையும் எலும்பையும் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கங்களை என்னால் நிம்மதியாகப் படிக்க முடிந்ததில்லை. அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடவும் மனம் வரவில்லை. ஆனால் அதே மனிதர் 1863இல் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஒவ்வோர் உயிரினமும் பூமியின் வரலாற்று நூலில் ஓர் எழுத்து, சில எழுத்துகள் போனால் வாக்கியமே புரியாமல் போகும், மனிதனின் விவசாயமும் குடியேற்றமும் பரவப் பரவ இவை அழியும், அதற்குள் அரசுகள் சேகரித்துக் காக்க வேண்டும். அரு தீவில் அரசச் சொர்க்கப் பறவையை முதன்முறை கையில் ஏந்தியபோதும் இதே கவலைதான் அவருக்கு வந்தது. நாகரிக மனிதன் இங்கே வந்தால் இவை அழிந்துபோகும் என்றும், உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை அல்ல என்றும் எழுதினார்.

சொர்க்கப் பறவைகளுக்குக் கால் கிடையாது என்று நம்பினார்களாமே, ஏன்?

வியாபாரத்துக்கு வந்த தோல்களில் கால்களை வெட்டிவிட்டே அனுப்பினார்கள். அதைப் பார்த்த ஐரோப்பியர்கள் இது தரையில் இறங்காமல் வானிலேயே வாழும் பறவை என்று கதை கட்டினார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் வைத்த பெயரிலேயே 'காலற்றது' என்ற பொருள் இருக்கிறது. 1857இல் அரு தீவுகளில் அவை காட்டில் கூடி ஆடுவதை வாலஸ் விவரமாக எழுதினார். உள்ளூர் வேட்டைக்காரர்கள் மரத்தில் இலைக்குடிசை கட்டி ஒளிந்திருந்து, இறகில் இரத்தக்கறை படாதபடி முனை மழுங்கிய அம்பால் அடிப்பார்கள்.

1862இல் ஊர் திரும்பும்போது சிங்கப்பூரில் இரண்டு உயிருள்ள சொர்க்கப் பறவைகளை 100 பவுண்டுக்கு வாங்கி, வழியெல்லாம் கரப்பான்பூச்சி பிடித்துப் போட்டு லண்டன் விலங்குக்காட்சிச் சாலைவரை கொண்டுவந்து சேர்த்தார்.

'வாலஸ் கோடு' என்றால் என்ன?

1856 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து சுலவேசித் தீவின் மகாசாருக்கு நேரடிக் கப்பல் கிடைக்கவில்லை. சுற்றுவழியில் பாலித் தீவில் இரண்டு நாள், பிறகு லொம்போக். தற்செயலாக நடந்தது இது. பாலியில் குக்குறுவானும் மரங்கொத்தியும் இருந்தன. நாம் மரத்தடியில் அன்றாடம் கேட்கும் குரல்களின் உறவுகள். லொம்போக்கில் இறங்கினால் அவற்றைக் காணோம். வெள்ளைக் கொண்டைக்கிளிகளும், தேனுண்ணிகளும், மண்ணை மேடாகக் குவித்து முட்டையைப் புதைக்கும் பறவைகளும் இருந்தன. அதாவது ஆஸ்திரேலியாவின் உறவினர்கள். இடையில் இருந்த கடலின் அகலம், அவர் கணக்குப்படி, குறுகலான இடத்தில் 15 மைல்தான்.

விளக்கம் கடலின் ஆழத்தில் இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி ஆகியவற்றைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. பனியுகங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோது அவை ஆசியாவோடு ஒரே நிலமாக இருந்தன. விலங்குகள் நடந்தே வந்தன. பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையிலுள்ள நீரிணையோ எப்போதும் வற்றாத ஆழம் கொண்டது. அந்த எல்லை போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே வடக்கே நீள்கிறது. வாலஸ் 1863இல் அதை வரைபடத்தில் சிவப்புக் கோடாக இழுத்தார். 'வாலஸ் கோடு' என்று பெயர் சூட்டியவர் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன.

ஒவ்வொரு பூச்சியின் அடியிலும் தீவின் பெயரைச் சுருக்கி எழுதிய வட்டச் சீட்டு இருந்திராவிட்டால் இந்தக் கோடு இல்லை. "கிழக்கிந்தியத் தீவுகள்" என்று பொதுவாக எழுதியிருந்தால் குக்குறுவானும் கொண்டைக்கிளியும் ஒரே பெட்டியில் கிடந்திருக்கும்.

காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் பரிணாமக் கொள்கை தோன்றியதா?

திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 1855 பிப்ரவரியில் சரவாக்கில் எழுதிய கட்டுரையிலேயே, ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய உறவுடைய முந்தைய இனம் இருந்த இடத்திலும் காலத்திலும்தான் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டார். அதிலும் 'எங்கே'தான் அடிப்படை. *எப்படி* என்பது மட்டும் விடுபட்டிருந்தது.

1858 பிப்ரவரியில் குளிர்காய்ச்சல். அப்போது எழுதிய கட்டுரையில் இடம் தெர்னாத்தே என்று இருக்கிறது. பக்கத்து ஹல்மஹேரா தீவாக இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. நடுக்கம் அடங்கக் காத்திருந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் படித்த மால்தஸின் மக்கள்தொகை நூல் நினைவுக்கு வந்தது. பஞ்சமும் நோயும் பெரும்பாலோரைக் கொல்கின்றன; அப்படியானால் பிழைப்பவர்கள் யார்? சூழலுக்குப் பொருந்தியவர்கள். அடுத்த இரண்டு மூன்று மாலைகளில் கட்டுரையை முடித்து டார்வினுக்கு அனுப்பினார்.

டார்வின் அவரை ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. டார்வின் அந்தக் கருத்தை 1840களிலேயே எழுதிப் பூட்டி வைத்திருந்தார். 1858 ஜூன் 18 அன்று வாலஸின் கட்டுரை கைக்கு வந்ததாக எழுதி, அதிர்ந்துபோய் நண்பரும் நிலவியலாளருமான லயலிடம் யோசனை கேட்டார். லயலும் தாவரவியலாளர் ஹூக்கரும் சேர்ந்து ஜூலை 1 அன்று லண்டனின் லின்னியன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் படிக்க வைத்தார்கள். டார்வினின் எழுத்து முதலில், வாலஸின் கட்டுரை கடைசியில். டார்வின் வரவில்லை, சில நாள் முன்புதான் அவருடைய கைக்குழந்தை இறந்திருந்தது. வாலஸ் நியூ கினியில் இருந்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பது குறைதான்.

ஆனால் வாலஸ் கடைசிவரை மனக்கசப்புக் காட்டவில்லை. 1869இல் வெளிவந்த தன் மலாய்ப் பயண நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். முதலீடுகளில் பணத்தை இழந்து வாலஸ் தவித்தபோது, 1881இல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் டார்வின்.

அவர் தவறே செய்யாதவரா?

ஆவிகளோடு பேசலாம் என்று நம்பினார். அம்மைத் தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்தார். அது பெரிய தவறு.

அவர் கண்டவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது?

பச்சான் தீவின் பொன்னிற வண்ணத்துப்பூச்சி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் பெரிய மஞ்சள்-கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு உறவு. வலையிலிருந்து எடுத்து அதன் சிறகுகளை விரித்தபோது நெஞ்சு படபடத்து, இரத்தம் தலைக்கேறி, மயங்கி விழப்போவதைப்போல் இருந்தது என்றும், அன்று முழுவதும் தலைவலி என்றும் எழுதியிருக்கிறார். விற்பனைச் சரக்கைப் பார்த்தவனுக்கு அப்படித் தலைவலி வராது.

அதே தீவில் ஒரு ராட்சதத் தேனீயும் கிடைத்தது. அதன்பின் 1981வரை அறிவியலாளர் எவர் கண்ணிலும் படவில்லை. மறுபடி மறைந்து, 2019இல் முதன்முறையாக உயிரோடு படம் எடுக்கப்பட்டது.

அந்த மாதிரிகள் இப்போது எங்கே?

பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். பறவைகள் அதன் டிரிங் கிளையில். 2009 ஜூனில், இசை பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் டிரிங்கின் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். வாலஸ் அனுப்பியவையும் அவற்றில் இருந்தன. தூண்டில் முள்ளில் அலங்காரமாகக் கட்டும் இறகுகளுக்காக நடந்த திருட்டு அது. பல தோல்கள் மீட்கப்பட்டன. ஆனால் பலவற்றின் காலிலிருந்த சீட்டை அறுத்து எறிந்துவிட்டிருந்தார்கள். இறகும் நிறமும் அப்படியே இருக்கின்றன. எந்தத் தீவு, எந்த நாள் என்பது போய்விட்டது. ஓர் ஆய்வாளருக்கு அந்தப் பறவை இனிப் பயன்படாது.

சிங்கப்பூரில் இருக்கிறேன். வாலஸ் நடந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். புக்கிட் தீமாவில், பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் வீட்டில் தங்கித்தான் முதல் வேட்டையைத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள். பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்குள். மரம் அறுத்த இடங்களில் குவிந்த பட்டையும் தூளும்தான் அவருக்குப் புதையல். அப்போது அங்கே புலிகள் உலவின. புலி பிடிக்க வெட்டிய குழிகளைக் கண்டு பயந்து நடந்ததாகச் சொல்கிறார். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். விழுந்து கிடக்கும் மரங்களின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள்.